மறுபதிப்புத் தட்டுகளோடு ஒரு மழைக்காலம்

ஜூனில் மழை இறங்கியபோது எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன்: தீபாவளி வரை பழைய திரைப்பாடல் இசைத்தட்டு ஒன்றுகூட வாங்குவதில்லை. மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் கீறலும் பூஞ்சையுமாகக் கிடைக்கும் அவற்றில் நிறையவே பணம் போட்டாயிற்று. இனி, பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல் சொந்தமாக இசை செய்பவர்களின் புதுத் தட்டுகளையும், சிறு வெளியீட்டாளர்கள் தேடியெடுத்து மீண்டும் அச்சிடும் பழைய பதிவுகளையும் மட்டும் வாங்கிக் கேட்டு, எது கொடுத்த காசுக்குத் தகும் என்று பார்ப்பதாகத் திட்டம். கணபதி கரைத்து முடித்து, மும்பையின் அக்டோபர் வெயில் வந்துவிட்டது. இதுவரை ஆனதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கருவி. தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் ஆடியோ டெக்னிக்கா வி.எம்.95.ஈ கார்ட்ரிட்ஜ் இருக்கிறது; ஊசியின் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு துண்டு அது. தயாரிப்பாளர் சொல்லும் ஊசி அழுத்தம் 2 கிராம். மின்னணுத் தராசு ஒன்று வாங்கி அதையே வைத்தேன். ஆனால் ஒலியின் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்தது. தாராவி 90 அடி சாலையில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். "கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது வெறும் நாலு மில்லிவோல்ட், தம்பி. அதை நூறு மடங்கு பெருக்குகிறோம். பக்கத்தில் எது முணுமுணுத்தாலும் அதுவும் சேர்ந்தே பெருகும்" என்றார். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவதை முதலில் பெருக்கும் போனோ பிரீ ஆம்பை ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து தள்ளி வைத்து, எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டியோடு இறுக்கியதும் ரீங்காரம் போயே போய்விட்டது.

பிரீ ஆம்ப் எதற்கு என்பதையும் அவரிடமே கேட்டுத் தெளிந்தேன். தட்டின் மூல அச்சில் வரிப்பள்ளம் வெட்டும்போது கீழ்ச்சுருதியைக் குறைத்து, மேல்சுருதியைக் கூட்டி வெட்டுகிறார்கள். குறைக்காவிட்டால் வரிப்பள்ளம் அகன்று ஆடி இடத்தைத் தின்றுவிடும்; கூட்டியதால், கேட்கும்போது அதை இறக்கினால் தட்டின் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்று நிறுவனத்துக்கு ஒரு கணக்கு இருந்ததை 1954இல் வந்த, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ.வின் அளவுகோல் ஒன்றாக்கியது. பிரீ ஆம்ப் அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. கீழ்வீட்டு மாமி மாவு அரைத்து கிரைண்டரை அணைக்கும் கணத்தில் மட்டும் ஸ்பீக்கரில் இன்னும் ஒரு 'டிக்' வருகிறது. அதற்கு அண்ணாச்சியிடமும் மருந்தில்லை.

இனித் தட்டுகள். முதலில் வாங்கியது சரண்ஜித் சிங்கின் டிஸ்கோ தாளத்துப் பத்து ராகங்கள். பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்தவர் அவர். 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர் 8 சின்தசைசர், டி.பி.303 பேஸ் சின்தசைசர், டி.ஆர்.808 தாளக் கருவி ஆகிய மின்னணுக் கருவிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தார். அன்று சீண்டுவார் இல்லை. 2010இல் பாம்பே கனெக்‌ஷன் என்ற சிறு டச்சு வெளியீட்டாளர் மறுபதிப்புப் போட்டபோது, ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை சிகாகோவில் பிறக்கும் முன்பே அதன் சாயலில் ஒருவர் பம்பாயில் வாசித்திருக்கிறாரே என்று வெளிநாட்டார் வியந்தார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். பூபாலி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் இந்தோளம், கலாவதி நம் வலஜி. கச்சேரியில் கேட்டுப் பழகிய காதுக்கு, டி.பி.303 ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் இடமெல்லாம் கர்நாடக இசையின் வழுக்குக் கமகமான ஜாருவை நினைவூட்டியது. ஒரு குறையும் உண்டு: தாளம் ஏறக்குறைய மாறவே மாறாது. ஒரு பக்கம் கேட்டு எழுந்துவிடுவது நல்லது.

அடுத்தது கல்கத்தாவின் ரூபா பிஸ்வாஸ் 1982இல் கனடாவின் கால்கரியில் பாடிப் பதிந்த தட்டு. ஆஷிஷ் கானின் சரோத்தும் அதில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூமரோ குரூப் 2019இல் மறுபடி வெளியிட்டது. என் பெண்ணுக்கு இதுதான் பிடித்திருக்கிறது, ஆடுகிறாள். நான் அதிகம் திரும்பிப் போனது, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969 முதல் 1972 வரை மூக் சின்தசைசரில் செய்த பதிவுகளின் தொகுப்புக்கு. அந்தக் கருவியை அங்கே நிறுவியவர் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர். இசைக்கலைஞர் கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் வேலை செய்திருக்கிறார்கள். கழகத்தின் காப்பகத்தில் கிடந்த நாடாச் சுருள்களை பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் கண்டெடுத்துத் தொகுக்க, 2023இல் வெளிவந்தது. இதை இசை என்று சொன்னால் எங்கள் வீட்டில் பாதிப்பேர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனாலும் நாடாவிலிருந்து நேராக எடுத்ததன் அருமை இதில் தெரிகிறது. ஒலிகளுக்கு இடையே வெற்றிடம் இருக்கிறது; கீறல் ஓசையை வடிகட்டப் போய் மேல்சுருதி மழுங்கிய அடையாளம் எங்கும் இல்லை.

இந்த மழைக்காலத்தில் கற்றது பெரும்பாலும் இதுதான். மறுபதிப்பு வாங்கும்போது நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, எதிலிருந்து எடுத்தார்கள் என்பது. மூல நாடாவா, யாரோ ஒருவரிடம் பிழைத்திருந்த பழைய தட்டா, சி.டி.க்குச் செய்த கோப்பா? நம் நாட்டுப் பதிவுகள் பலவற்றுக்கு நாடாவே மிஞ்சவில்லை என்பதால், நல்ல தட்டைத் தேடிப்பிடித்து ஓடவிட்டு எடுப்பதும் நேர்மையான வழிதான். அதை வெளிப்படையாகச் சொன்னால் போதும். உறையில் மாஸ்டரிங் (வெட்டும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) செய்தவர் பெயர் இருக்கிறதா, தட்டின் நடுவே லேபிளை ஒட்டிய வெறும் வளையத்தில் வெட்டியவர் தன் முதலெழுத்தைக் கீறியிருக்கிறாரா என்று விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கிறேன். இவை எதுவும் இல்லாமல் '180 கிராம்' என்று தட்டின் எடையைச் சொல்லும் தங்க நிற ஸ்டிக்கர் மட்டும் மின்னினால் கை பின்வாங்குகிறது. பாத்திரம் கனமாக இருப்பதால் ரசம் ருசித்துவிடுமா என்ன?

புதியவர்களின் தட்டுகளில் இரண்டு சொல்லலாம். டெல்லியின் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ. என்ற இசைக்குழு 2019இல் வெளியிட்டது ஒன்று. பழைய கல்யாண பேண்டு வாத்தியமும் மேடைப் பாடகரின் சோம்பலும் கலந்த குரல். மற்றது, தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யா 30க்கும் மேற்பட்ட கலைஞர்களை ஹூஸ்டனில் கூட்டிச் செய்து 2024இல் வெளியிட்டது. அமெரிக்க ஜாஸ் கலைஞர்களான ஜான் கோல்ட்ரேனும் ஆலிஸ் கோல்ட்ரேனும் அதில் பஜனைபோல வந்துபோகிறார்கள். இரவு கேட்க வேண்டிய தட்டு.

நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களைத் தாண்டினால் ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். உள்ளே போகப் போகச் சிக்கல் கூடும்: வெளிவிளிம்பில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், லேபிள் அருகே 20 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அங்கே பாடகரின் 'ஸ' சீற ஆரம்பிக்கும். இதைத் தெரிந்தவர்கள் பக்கத்தின் கடைசியில் மெதுவான, அமைதியான பாட்டை வைக்கிறார்கள். தெரியாதவர்கள் ஆர்ப்பாட்டமான பாட்டை அங்கே வைத்து, எங்கள் ஊசியைப் பழி வாங்குகிறார்கள்.

விலை பற்றிப் புலம்பாமல் இருக்க முடியாது. வெட்டுவது, நிக்கலில் அச்சு எடுப்பது எல்லாம் நூறு தட்டுக்கும் ஆயிரம் தட்டுக்கும் ஏறத்தாழ ஒரே செலவு. குறைவாக அச்சிடும் சுயாதீனக் கலைஞருக்கு ஒவ்வொரு தட்டின் தலையிலும் அது கனமாக விழுகிறது. நான் வாங்கியவை பெரும்பாலும் 2,500 ரூபாய்க்கு மேல். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கமும் கூரியரும் தனி. அப்படி வந்த ஒரு பார்சலில் தட்டின் விளிம்பே உறையின் தையலைக் கிழித்துவிட்டிருந்தது. இப்போது தட்டை உறைக்கு வெளியே தனியாக வைத்து அனுப்பச் சொல்லி எழுதிவிடுகிறேன், பெரும்பாலும் செய்கிறார்கள்.

மழையைப் பற்றி ஒன்று. ஈரத்தில் நிலைமின்சாரம் தங்காது என்பதால் ஜூலை, ஆகஸ்டில் ஸ்பீக்கரில் கேட்கும் படபட ஓசை நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே ஈரம் காகித உட்உறைகளில் பூஞ்சை ஏற்றுகிறது. எல்லாவற்றையும் பாலித்தீன் உள்பூச்சு உறைகளுக்கு மாற்றி, அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டேன். கழுவக் காய்ச்சி வடித்த நீரும் சில துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகளில் மட்டும் ஆல்கஹால் படக்கூடாது; கரைந்துவிடும்.

2024இல் நவி மும்பையிலேயே தட்டு அச்சிடும் ஆலை ஒன்று வந்திருக்கிறது. அங்கே அச்சான ஒன்றையும் செக் நாட்டில் அச்சான ஒன்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, பின்னணி இரைச்சலை ஒப்பிட வேண்டும். அதற்குள் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் அட்டையோடு ஒரு ஞாயிறு வருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். சரண்ஜித் சிங் தட்டை ஒரு வாரம் இரவல் தர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.