நடுவுல பாரும்மா

போன வாரம் என் மாணவி ஒருத்தியின் அம்மா கேட்டார்: "மிஸ், உங்களுக்கு நிஜமான வேலை எது? பியானோவா, கரண்ட் வேலையா?" மகள் பிளஸ் டூ படிக்கிறாள், பியானோவில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டாள். வீட்டில் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்) எடுக்கச் சொல்கிறார்கள். வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சப்ஸ்டேஷன்களில் ரிலே டெஸ்டிங் செய்கிறேன். லைனில் ஃபால்ட் (கோளாறு) வந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கச் சொல்வது ரிலே. அது உரிய நேரத்தில் சொல்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எல்லாம் கான்ட்ராக்ட்தான். எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி) கிடைத்தால் யார்டு (சப்ஸ்டேஷனின் திறந்தவெளி), கிடைக்காவிட்டால் பியானோ. அதற்கும் காசு வாங்குகிறேன். தேர்வுக்குப் போகும் வயலின் மாணவர்களோடு சேர்ந்து வாசிப்பேன், டிசம்பரில் கொயர்களுக்கு வாசிப்பேன், வருடத்துக்கு இரண்டு தனிக் கச்சேரியும் உண்டு.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு 110 கே.வி. சப்ஸ்டேஷனில், பிரேக்கரைத் திறக்கும் சர்க்யூட் சரியாக இருக்கிறது என்று காட்டும் 'டிரிப் சர்க்யூட் ஹெல்தி' விளக்கு எரியவில்லை. நான் பேனலில் ஆரம்பித்து ஒவ்வொரு டெர்மினலாக மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஃபோர்மேன் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா முதல்லேர்ந்து வர்ற? நடுவுல பாரும்மா. அதுவரைக்கும் சப்ளை வந்திருந்தா பாதி வேலை முடிஞ்சுது." யார்டில், பேனலுக்கும் பிரேக்கருக்கும் நடுவே ஒயர்கள் சேரும் மார்ஷலிங் பாக்ஸைத் திறந்து வைத்துப் பார்த்தேன், 110 வோல்ட் டி.சி. காட்டியது. மீதிப் பாதியில் நாலே இடம் பார்த்ததில் ஆள் அகப்பட்டது: பிரேக்கர் பெட்டிக்குள் ஒரு ஆக்ஸிலரி காண்டாக்ட் (பிரேக்கரோடு சேர்ந்து அசையும் சிறு சுவிட்ச்), பச்சை பூத்துக் கிடந்தது.

அப்போது இசையமைப்பாளர் பாக்கின் சி மைனர் பிரெலூடு என்ற சிறு துண்டை (வெல்-டெம்பர்டு கிளேவியர், முதல் புத்தகம்) சாதகம் செய்துகொண்டிருந்தேன். 28ஆவது பாரில் (தாளக் கட்டத்தில்) பிரெஸ்டோ, அதாவது மிக வேகமான பகுதி, வரும், இரண்டு கையும் ஒன்றையொன்று துரத்தும். 30இல் என் இடது கை தவறாமல் சறுக்கும். மூன்று மாதமாக, சறுக்கியதும் முதல் பாருக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன். அன்றிரவு நேராக 30இல் ஆரம்பித்தேன். சுத்தமாக வந்தது. 28இலிருந்து வாசித்தால் சறுக்கியது. 29இன் பாதியிலிருந்து வாசித்தாலும் சறுக்கியது. கோளாறு 29இன் பின்பாதியில் இருந்தது: கட்டைவிரல் ஒரு ஸ்வரம் தாமதமாக மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்தது. விரல் எண்ணை மாற்றி எழுதினேன், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. தப்பு கேட்கும் இடமும் தப்பு நடக்கும் இடமும் வேறு என்பதைப் பன்னிரண்டு வருடப் பியானோ வகுப்பில் நான் பிடிக்கவில்லை, யார்டில் பிடித்தேன்.

டிரான்ஸ்ஃபார்மர் ஹம்மையும் (ரீங்காரத்தையும்) சொல்ல வேண்டும். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உள்ளிருக்கும் இரும்பு கோர் விரிந்து சுருங்குவதால் ஹம் 100 ஹெர்ட்ஸில் வரும். பியானோவில் இடமிருந்து இரண்டாவது ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதாவது கொஞ்சம் தூக்கலான ஜி. காலை முழுக்க அதன் பக்கத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், முதல் பத்து நிமிடம் என் பியானோவின் ஜி இறங்கியே கேட்கும்.

இழப்பும் உண்டு. ஒருமுறை ஷட்டவுன் இழுத்துக்கொண்டே போய், கச்சேரி மண்டபத்துக்கு ஐந்தரைக்குத்தான் போனேன். நாள் முழுக்க கிரிம்பிங் டூல் (ஒயர் முனையை நசுக்கி இறுக்கும் கருவி) பிடித்த கை. ஆட்காட்டி விரல் நுனியில் செம்புக் கம்பி கீறியிருந்தது. மெதுவான பகுதியில்தான் அது தெரிந்தது, மென்மையாக அழுத்தவே முடியவில்லை. அதிலிருந்து கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாள் சைட்டுக்குப் போவதில்லை. அதனால் ஒரு நல்ல கான்ட்ராக்ட் கைவிட்டுப் போனது. இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அந்த அம்மாவுக்கு: ட்ரிபிள் ஈ தாராளமாகப் படிக்கட்டும். அந்த நாலு வருடத்தில் பியானோவை நிறுத்த மட்டும் விடாதீர்கள். என் ஹாஸ்டலில் பியானோ கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சைப் பூட்டும்வரை ஒரு மணி நேரம் வாசித்தேன். கை மறக்காமல் இருந்தது அதனால்தான்.

அவர்கள் வீட்டு அப்ரைட் பியானோவுக்குள் மழைக்கால ஈரத்துக்காக ஒரு பல்பு எரிகிறதாம், பழைய ஒயரில். சனிக்கிழமை மீட்டரை எடுத்துக்கொண்டு போகிறேன். பிரெலூடு நோட்டையும்.