வன்னி வெயிலுக்கு ஒரு எஞ்சின்

என்னிடம் இருப்பது அசல் போர்ஷே இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் நிறுத்தினால் கேட்கிற முதல் கேள்வி அதுதான். 1954இலிருந்து 1958 வரை போர்ஷே செய்த 356 ஸ்பீட்ஸ்டரின் உருவத்தில் பைபர் உடம்பு, அதற்குக் கீழே வொக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளம். பீட்டிலின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் 2400 மில்லிமீற்றர், 356க்கு 2100. ஆகவே அடித்தளத்தை நடுவில் ஏறக்குறைய ஒரு அடி வெட்டியெடுத்து ஒட்டித்தான் இந்தக் காரைச் செய்வார்கள். சித்தப்பா கனடாவிலிருந்து வந்து நின்ற நேரம் நீர்கொழும்புப் பக்கம் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கினார். அவர் திரும்பிப் போய்விட்டார். கார் கிளிநொச்சியில் எங்கள் வளவில் நின்றுவிட்டது.

உள்ளே இருந்தது 1300 சிசி எஞ்சின், புதிதாக இருந்தபோது 40 குதிரைவலு. என் கைக்கு வரும்போது அதில் பாதிதான் மிச்சம் என்று சொல்லலாம். பரந்தன் சந்தியில் திரும்பி வேகம் எடுப்பதற்குள் பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடுவான். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் வருகிற அழுத்தம், பார்த்தால் 3ஆம் சிலிண்டர் செத்திருந்தது. பழைய பீட்டில்களில் அந்தச் சிலிண்டர்தான் முதலில் போகும். இந்த எஞ்சின் குளிர்வது விசிறிக் காற்றால். விசிறிக் கூட்டுக்குள் ஒயில் கூலர் அதற்கு நேர் மேலே காற்றை மறித்துக்கொண்டு நிற்கும், அதனால் 3க்குக் கிடைப்பது சூடான காற்று.

சரி, எஞ்சினை மாற்றத்தான் வேண்டும். எதைப் போடுவது?

நான் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறவன். கடைக்கு வருகிற ஆட்கள் எல்லோரிடமும் இதற்கு ஒரு யோசனை இருந்தது. ஒருவர் சுசுகி எஞ்சின் என்றார், பாகம் எங்கேயும் கிடைக்குமாம். இன்னொருவர் டீசல் போடச் சொன்னார், அவர் சொன்னால் லாண்ட் மாஸ்ரர் கை உழவு இயந்திரத்தின் எஞ்சினையும் பூட்டச் சொல்வார். சித்தப்பா தொலைபேசியில் சொன்னது சுபாரு. வெளிநாட்டில் பீட்டில்காரர்கள் நிறையப் பேர் செய்கிற வேலைதான் அது. சுபாருவின் ஈஜே வகை எஞ்சினும் பீட்டிலுடையது மாதிரி நாலு சிலிண்டர் படுத்திருக்கிற அமைப்பு. இடையில் ஒரு அடாப்டர் தட்டு வைத்தால் பழைய கியர்பெட்டியிலேயே பூட்டலாம். 2200 சிசி ஈஜே22 என்றால் 130 குதிரைவலுவுக்கு மேல்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது தண்ணீரால் குளிர்கிற எஞ்சின். பின்னால் எஞ்சின், முன்னால் ரேடியேற்றர், இரண்டுக்கும் நடுவில் காரின் வயிற்றுக்குக் கீழே நீளத்துக்குக் குழாய். புதுக்குடியிருப்புக்கு உள்ளே கிறவல் றோட்டில் ஓடுகிற, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லாத காரில் அந்தக் குழாய்கள் எத்தனை மாதம் நிற்கும்? எஞ்சினை நடத்துகிற மின்னணு மூளைப்பெட்டி, சென்சர்கள், வயரிங் எல்லாம் வேறு வேண்டும். அதைவிடப் பெரிய விசயம் பிரேக். நாலு சில்லிலும் டிரம் பிரேக் இருக்கிற காருக்கு மூன்று மடங்கு வலுவைக் கொடுத்தால் பிரேக், கியர்பெட்டி, பின் அச்சு என்று எல்லாவற்றையும் மாற்றவேண்டி வரும். அப்படி மாற்றி முடிக்கும்போது சித்தப்பா வாங்கிய காரில் மிஞ்சுவது பைபர் ஓடுதான்.

அசல் ஸ்பீட்ஸ்டரில் என்ன இருந்தது என்று தேடிப் பார்த்தேன். 1500 எஞ்சினில் 55 குதிரைவலு, பிறகு வந்த 1600இல் 60, அதன் சூப்பர் வகையில் 75. இவ்வளவுதான். இந்தக் கார் பெயரெடுத்தது பாரம் குறைவு என்பதால், வலுவால் அல்ல. நகலை வைத்துக்கொண்டு அசலைவிட இரண்டு மடங்கு வலு தேடுவது எனக்குச் சிரிப்பாக இருந்தது. போதாததற்கு, ஊர்மனைக்கு வெளியே காருக்கு வேக எல்லை 70 கிலோமீற்றர். ஏ9இல் எந்த மரத்தின் கீழ் பொலிஸ் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பொலிஸ் இல்லாத இடத்தில் மாடு நிற்கும்.

ஆகவே காற்றால் குளிர்கிற வொக்ஸ்வாகன் எஞ்சின்தான் என்று முடிவாயிற்று. அதற்குள்ளும் தெரிவுகள் இருந்தன. 1300, 1600 இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடுகிற தூரம், ஒன்றுதான், 69 மில்லிமீற்றர். வித்தியாசம் சிலிண்டரின் உள்விட்டத்தில். 77 என்றால் 1285 சிசி, 85.5 என்றால் 1584, 90.5 என்றால் 1776, 94 என்றால் 1915. இந்த எஞ்சின்களைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கைகாட்டுவது 1776ஐ. பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்கை மாற்றத் தேவையில்லை, வலுவும் நன்றாகக் கூடும். ஆனால் 90.5 சிலிண்டர் இருக்கவேண்டுமானால் கிராங்கைச் சுற்றியிருக்கிற கூடான கிராங்க் கேஸையும், சிலிண்டரை மூடுகிற ஹெட்டையும் கடைந்து துளையைப் பெருப்பிக்கவேண்டும். அந்தக் கேஸ் மக்னீசியக் கலப்பு உலோகம். அதைச் சரியாகக் கடைந்து தருகிற ஆளைக் கொழும்பில்தான் தேடவேண்டும்.

இதற்கிடையில் வவுனியாவில் பீட்டில் வேலை தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கராச்சை மகனிடம் கொடுத்துவிட்டு வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர். நான் 1776 என்று தொடங்க, அவர் கேட்டார்:

"தம்பி, உனக்கு ஓடவேணுமோ, காட்டவேணுமோ?"

"ரெண்டும்தான் அண்ணை."

"காட்டுறதுக்குக் கார் காணும். எஞ்சினை ஓடுறதுக்குப் போடு."

அப்புறம் அவர் கொம்பிரஷனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். 90களில் பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் வராத காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து எஞ்சின்கள் அதைத் தாங்கியதற்குக் காரணம் கொம்பிரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, குறைவாக இருந்தது என்றார் அவர். புதிய காராக இருந்தால் கலவை தானாகவே வெடித்து 'நொக்' அடித்துப் பிஸ்டன் போயிருக்கும். இப்போது மண்ணெண்ணெய் ஊற்றப்போவதில்லை என்றாலும் கணக்கு அதேதான். உள்ளூர்ச் சங்கத்து நிரப்பு நிலையங்களில் ஒக்டேன் 92 பெற்றோல் கிடைக்கும் என்று நம்பிப் போகலாம், நொக்கைக் கூடுதலாகத் தாங்குகிற 95ஐ நம்பி முல்லைத்தீவுக்கு வெளிக்கிட முடியாது. கொம்பிரஷனை 9க்கு ஏற்றிவிட்டு, 35 பாகை வெயிலில் 92 ஊற்றி, காற்றால் குளிர்கிற எஞ்சினை ஓட்டினால் என்ன நடக்கும் என்று அவர் விளக்கத் தேவையிருக்கவில்லை. பழைய 1600இன் விகிதம் 7.5. அதை அப்படியே விடச் சொன்னார்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்று காருக்கு வாரம் 20 லீற்றர் வாங்கியதும் எனக்கு மறக்கவில்லை. ஆக 1600, கலவை உள்ளே போக இரட்டைத் துளை உள்ள ஹெட், 50 குதிரைவலு. பெடியளுக்குச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது.

எஞ்சினைத் தெரிவு செய்வதைவிடத் தேடிப் பிடிப்பதுதான் கரைச்சலாக இருந்தது. கொழும்பில் ஒரு விற்பனையாளர் துடைத்துப் பூச்சடித்த 1600 ஒன்றைக் காட்டினார். இந்த எஞ்சின்களில் இலக்கம் டைனமோ நிற்கிற மேடைக்குக் கீழே, கேஸில் குத்தியிருக்கும். முன்னெழுத்தைப் பார்த்தே வகை சொல்லலாம்: 1300க்கு எஃப், 1970க்குப் பிறகு வந்த ஐரோப்பிய 1600க்கு ஏடி. அவர் காட்டியதில் அந்த இடம் அரத்தால் ராவி மழமழவென்று இருந்தது. கேட்டால், "அதெல்லாம் புதுசாகக் குத்தலாம்" என்றார். விலை நல்ல விலைதான். ஆனால் எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து, பரிசோதகர் பார்த்து ஒத்துக்கொள்ளவேண்டும். ராவிய இலக்கத்தோடு போய் நின்றால் காரே இல்லாமல் திரும்பவேண்டி வரலாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் குருநாகல் பக்கம் ஒருவர், வொக்ஸ்வாகன் வானிலிருந்து இறக்கிய 1600ஐ வைத்திருந்தார். இலக்கம் தெளிவாக இருந்தது, அந்த வானின் புத்தகப் பிரதியும் இருந்தது. பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு வவுனியா அண்ணை சொல்லித் தந்த சோதனை இது: கிராங்கின் நுனியில் பெல்ட் ஓடுகிற சில்லை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளி இழுக்கவேண்டும். அசைவு கைக்கே தெரிந்து 'டொக்' என்று சத்தம் கேட்டால் கேஸ் உள்ளே தேய்ந்துவிட்டது, வாங்காமல் விடலாம். கணக்காகச் சொன்னால் அந்த அசைவு 0.07இலிருந்து 0.13 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும், 0.15 தாண்டக்கூடாது. அடுத்தது ஸ்டாட்டர் பிடித்துச் சுழற்றுகிற பிளைவீல் சக்கரத்தின் பல்லை எண்ணுவது. பழைய 6 வோல்ட் பிளைவீலில் 109 பல், 12 வோல்ட்டில் 130. நம்முடைய ஸ்டாட்டருக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். எனக்கு 130 வேண்டும், அதுவே இருந்தது.

வவுனியாவில் கழற்றி, பேரிங், பிஸ்டன், சிலிண்டர், வால்வு எல்லாம் புதிதாகப் போட்டோம். வலுவுக்கென்று நாங்கள் எதுவும் செய்யவில்லை. செய்ததெல்லாம் சூட்டுக்கும் புழுதிக்கும்தான். 70களில் வொக்ஸ்வாகனே செய்த திருத்தம் ஒன்று இருக்கிறது: ஒயில் கூலரை விசிறிக் கூட்டின் பின்புறத்துக்குத் தள்ளித் தனிக் கூண்டு கொடுத்தது. 3ஆம் சிலிண்டரின் பிரச்சினை அதோடு பெரும்பாலும் தீர்ந்தது. அந்த வகை விசிறிக் கூட்டைத் தேடி எடுத்துப் பூட்டினோம். இந்த எஞ்சின் கொள்கிற ஒயில் 2.5 லீற்றர்தான், ஃபில்டரும் கிடையாது, கம்பி வலை ஒன்று மட்டும். ஒயில் பம்பின் மூடியை மாற்றி வெளியே ஒரு ஃபில்டர் வைத்தோம்.

பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரில்தான் வாக்குவாதம். இரட்டை வெபர் போட்டால் சத்தமும் அழகும் வரும் என்று அண்ணையின் மகன் ஒற்றைக் காலில் நின்றார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் வெபரின் மேலே இருக்கிற சின்ன ஃபில்டர்கள் விசுவமடுப் புழுதிக்கு ஒரு கிழமை தாங்கா. ஒற்றை சோலெக்ஸ், அதன் மேலே பழைய பீட்டிலின் ஒயில் குளியல் காற்று வடிகட்டி என்று நான் பிடிவாதமாக நின்றேன். மாசி பெர்குசன் உழவு இயந்திரத்தில் இருப்பதும் இந்த வகை வடிகட்டிதான். கழற்றி, சேற்றை ஊற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது ஒயில் விட்டுப் பூட்டினால் சரி. எங்கள் கடையில் இருக்கிற சின்னப் பெடியனுக்கும் தெரிந்த வேலை.

நகல் ஸ்பீட்ஸ்டர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. பின் மூடியிலுள்ள கிறில் சின்னது, எஞ்சின் அறையும் அடைப்பு. விசிறி இழுக்கப் புதுக்காற்று போதாமல், கீழே தள்ளிய சூட்டுக் காற்றையே சந்துகளால் திரும்ப உறிஞ்சும். இதற்கு நான் போனது முல்லைத்தீவில் பைபர் படகு திருத்துகிறவரிடம். கார் உடம்பும் படகும் அவருக்கு ஒரே கண்ணாடி நார் மாட், ஒரே ரெசின் பசைதான். பின் சில்லுக் கூட்டின் மேற்பக்கம் இரண்டு வாய் வெட்டி, புழுதி நேராக ஏறாமல் மடிப்பு வைத்து ஒட்டித் தந்தார். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களுக்கும் உடம்புக்கும் இடையில் ரப்பர் விளிம்பு புதிதாக ஒட்டினோம். இந்தத் தகரங்களை இடைஞ்சல் என்று கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் எந்த எஞ்சின் போட்டும் பயனில்லை.

கியர்பெட்டியை மாற்றவில்லை. 1300இன் கியர்பெட்டியில் பின் அச்சுக்குப் போகிற கடைசிப் பல்லு விகிதம் 4.375. 1600 பீட்டிலுக்கு 3.875 வரும், அதைப் போட்டால் எஞ்சின் குறைவாகச் சுற்றி அமைதியாக ஓடும் என்று பலர் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் விசிறி சுற்றுவது எஞ்சினின் வேகத்துக்கு ஏற்ப. நாலாம் கியரில் மெதுவாக முக்கிக்கொண்டு போனால் பாரம் கூடும், காற்றுக் குறையும். இந்த வெயிலுக்கு எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுவதே நல்லது. இப்போது 70 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2300 சுற்று.

பதிவு மாற்றம் நினைத்ததைவிட லேசாக முடிந்தது. விண்ணப்பம், பழைய புத்தகம், விற்றவர் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு, வானின் புத்தகப் பிரதி, பரிசோதகரின் பார்வை. உடம்பு மாற்றம் முன்பே புத்தகத்தில் ஏறியிருந்ததால் அதைப் பற்றிக் கேள்வி வரவில்லை. புகைப் பரிசோதனையும் பாஸ்.

ஓகஸ்ட் மாத நடுப்பகலில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35இல் ஓட்டிப் பார்த்தேன். புதுக்குடியிருப்பு தாண்டும்வரை கண் ஒயில் சூட்டு மானியிலேயே இருந்தது. 105 பாகைக்கு மேல் போகவில்லை. வட்டுவாகல் பாலத்தில் எதிரே வந்த லொறிக்காக நின்று, திரும்ப எடுத்தபோதும் இருமவில்லை. பஸ்காரர்கள் இப்போது ஹோர்ன் அடிப்பதில்லை, நானும் அவர்களை முந்துவதில்லை. 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீற்றருக்கு வைக்கவேண்டும், அதே நேரம் ஒயிலையும் மாற்றிவிடுகிறேன். விசிறி பெல்ட் ஒன்று எப்போதும் காரில் இருக்கிறது. அது அறுந்தால் இந்த எஞ்சினில் ஒரு கிலோமீற்றர்கூட ஓடக்கூடாது.

சித்தப்பா இன்னும் சுபாருவை விடவில்லை. அடுத்ததாக முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பழைய 1300ஐ மன்னாரில் பீட்டில் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இலக்கம் போட்டுப் பற்றுச்சீட்டு எழுதித்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.