தாத்தாவின் துப்பாக்கியில் ஒரு வளையம்

எங்கள் தாத்தாவிடம் இருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியின் இடப்பக்கக் குழலில், பிடிகட்டைக்குச் சற்று முன்னால், ஒரு புடைப்பு இருந்தது. பார்த்தவுடன் தெரியாது. குழலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதன் மேல் நேராக ஓடிவரும் ஒளிக்கோடு அந்த ஓரிடத்தில் மட்டும் நெளியும். கட்டைவிரலால் தடவினால் மெல்லிய மோதிரம் ஒன்றை உள்ளே வைத்து மூடியது போல இருக்கும். தேர்தல் வரும்போதெல்லாம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கத் தாத்தா துணி சுற்றி எடுத்துப் போவார். அப்போது அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. அந்த வளையத்தை அழகுக்காகச் செய்தது என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

அது என்னவென்று புரிந்தது ஒஹையோவில். வேலைக்காக இங்கே வந்து சில ஆண்டுகள் கழித்து, மான் வேட்டைக்குப் போகும் அலுவலக நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால், வேட்டை உரிமம் பெற விரும்பும் புதியவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தேன். பயிற்சியாளர் மேசையில் பழுதான குழல்களை வரிசையாக வைத்திருந்தார். வாழைப்பழத் தோலை உரித்தது போல நுனி பிளந்து விரிந்த குழல் எல்லோரையும் ஈர்த்தது. என் கை அதற்கு அடுத்திருந்த, பிளக்காத குழலுக்குப் போயிற்று. அதே வளையம், அதே இடம். குழலுக்குள் ஏதோ அடைத்திருந்தபோது சுட்டதன் தடயம் அது என்றார் அவர்.

அந்த நண்பர்தான் சென்ற மாதம் என்னிடம், ரவைத் துப்பாக்கியில் ரவை எனும் பல சிறு ஈயமணிகளுக்குப் பதிலாக ஒரே குண்டைச் செலுத்த வீட்டிலேயே செய்யும் ஒற்றைக்குண்டுத் தோட்டாக்கள் அவ்வளவு ஆபத்தானவையா, காணொளிகளில் பத்து முறை சுட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். அவருக்கு வாய்மொழியாகச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். செய்முறை எதையும் இதில் தேட வேண்டாம்.

1929-இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது அமெரிக்கச் சிற்றூர்களில் பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு ரவைத் துப்பாக்கி. அதற்குக் கைவசம் இருந்தவையோ முயலுக்கும் பறவைக்கும் ஆன பொடி ரவைத் தோட்டாக்கள். மானுக்குப் பொடி ரவை உதவாது. ஒற்றைக்குண்டு வாங்கக் காசில்லை. ஆகவே தோட்டாக் கூட்டைக் கத்தியால் கீறி, ரவையும், அதற்கும் வெடிமருந்துக்கும் நடுவில் இருக்கும் தக்கையும் அடங்கிய முன்பாதி அப்படியே ஒரே கட்டியாகப் பறக்கும்படி சிலர் செய்தார்கள். மெழுகை உருக்கி ரவையைக் கட்டியாக்கும் வழக்கமும் இருந்தது. பசியில் பிறந்த யோசனைகள் இவை. செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே நெருக்கடிக் காலத்தில், 1931-இல், கார்ல் ஃபாஸ்டர் என்பவர் சாதாரண ரவைத் துப்பாக்கியில் பாதுகாப்பாகச் சுடக்கூடிய ஈயக்குண்டு ஒன்றை வடிவமைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்பக்கம் குடைந்து, எடையின் பெரும்பகுதி முன்பக்கம் இருக்கும்படி அமைந்த அந்தக் குண்டு இறகுப்பந்து போல மூக்கு முன்னால் இருக்கப் பறக்கும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னக்கே, தக்கையைக் குண்டின் வாலிலேயே பொருத்திய வடிவத்தை 1898-இலேயே உருவாக்கிவிட்டார். இன்று கடையில் கிடைக்கும் ஒற்றைக்குண்டுகளில் பெரும்பகுதி இந்த இருவரின் வழி வந்தவை.

ஃபாஸ்டர் குண்டின் உடலில் சாய்வான வரிகள் இருக்கும். குண்டைச் சுழல வைக்கவே அவை என்று பலர் நம்புகிறார்கள்; அவற்றால் கிடைக்கும் சுழற்சி மிகச் சொற்பம். அவற்றின் உண்மையான பயன் வேறு. ரவைத் துப்பாக்கியின் குழல், நுனியில் சற்றுக் குறுகும். முழுக் குறுக்கம் உள்ள குழலில் அந்தக் குறுகல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மென்மையான ஈயமும் அந்த வரிகளும் அந்த இடத்தில் நசுங்கி வழிவிடும். கடினமான உலோகத் துண்டு எதுவும் அப்படி நசுங்காது. குழலின் அகலத்தைக் குறிக்கும் 12 போர் (bore) என்ற பெயரே, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை அடங்கும் அகலம் என்ற கணக்கில் வந்தது. அது சுமார் 18.5 மில்லிமீட்டர். நுனிக்குறுக்கம் தெரியாமல், குழல் அகலத்துக்குச் சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து ஒரு குண்டைப் போடுபவர், கணக்கின் முதல் வரியை மட்டும் படித்தவர்.

இனி அழுத்தம். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்கள் 1926-இல் தொடங்கிய தர அமைப்பு ஒன்று உண்டு. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து நம் ஊர்க்காரர் படித்தால் 'சாமி' என்றுதான் வரும். வகுப்பில் எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அந்தச் சாமி, வழக்கமான 12 போர் தோட்டாவுக்கு விதித்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. காரின் டயரில் இருப்பதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். தொழிற்சாலை ஒரு தோட்டாவை விற்கும்போது விற்பது ஈயத்தையும் மருந்தையும் மட்டுமல்ல. இந்த வரம்புக்குள் அது நிற்கும் என்று அளந்து பார்த்த உறுதியையும்தான். மருந்தின் முன்னால் இருக்கும் சுமை கூடினாலோ, சுமை நகரத் தயங்கினாலோ, அழுத்தம் சீராக ஏறாது; எகிறும். வீட்டில் செய்த தோட்டாவில் அது எவ்வளவு என்று அளக்கச் செய்தவரிடம் கருவி இல்லை.

பொதுவாக எல்லோரும், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் மருந்தறை வெடித்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். மருந்தறைச் சுவர் தடிமனானது. அதைத் தாண்டினால் சுவர் மெலிந்துகொண்டே போகும். பல இரட்டைக் குழல் துப்பாக்கிகளில், நுனியை நோக்கிய பகுதியில், 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. இடக்கை பிடிப்பதோ மருந்தறைக்கு முன்னால்தான். கீறிய தோட்டாவின் தனிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பலவீனப்படுத்திய கூடு, சுடும்போது உடைய வேண்டும் என்பது செய்தவரின் எண்ணம். கூட்டுக்கு அந்த எண்ணம் தெரியாது. தோட்டாவை ஏற்றும்போது உடையலாம், அடுத்த குண்டின் உதைப்பில் உடையலாம். சுடாமலேயே வெளியே எடுக்கும்போது பின்பாதி மட்டும் கையில் வந்து, முன்பாதி குழலுக்குள் தங்கிவிடலாம். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால், வேகமாக வந்த சுமை அந்த அடைப்பில் மோதும் இடத்தில், பின்னால் வரும் வாயு ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் குவிந்து குழலை வெளியே தள்ளும். இரும்பு தாங்கினால் வளையம். தாங்காவிட்டால் வாழைப்பழத் தோல்.

12 போரைவிடச் சிறியதான 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் குழலில் விழுந்தால் நடப்பதும் இதே கதைதான். அது வழுக்கிப் போய் மருந்தறைக்கு அப்பால் நிற்கும். அதற்குப் பின்னால் 12 போர் தோட்டாவும் தாராளமாக ஏறும். அதனால்தான் 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

பத்து முறை சுட்டும் ஒன்றும் ஆகவில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இலேயே அரச பட்டயம் பெற்றது. துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-இல் வந்தது. அங்கே வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுவிட்டு, குழல் வெடிக்கவில்லை என்பதோடு விட்டுவிடுவதில்லை. புடைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே முத்திரை குத்துகிறார்கள். காணொளிக்காரர் பத்தாவது குண்டுக்குப் பிறகு குழலின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்ததை நான் கண்டதில்லை. பதினோராவது தோட்டா பத்தாவதைப் போலவே இருக்கும் என்பதற்கும் அவரிடம் ஆதாரம் இல்லை. கையால் கீறிய இரண்டு கீறல்கள் ஒன்றாக இருப்பதில்லை.

ஈயம் உருக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் நீராவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும். அதன் தூசியோ கை, சட்டை வழியாகக் குழந்தைகள் வரை போகும்; அவர்களின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது. இந்தியாவில் உள்ளவர்களுக்கு இன்னொன்று: உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும்கூட.

வகுப்பு முடிந்த இரவு பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து அந்த வளையத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு மழைக்காலத்தில் காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டித் தீர்த்ததாம். உரிமத்தில் அந்த ஆண்டுக்கு அனுமதித்த பெரிய ரவைத் தோட்டாக்கள் தீர்ந்து, பொடி ரவைத் தோட்டா மட்டும் வீட்டில் இருந்ததாம். தாத்தாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் திண்ணையில் உட்கார்ந்து ஏதோ கத்தி வேலை பார்த்தார்களாம். "ராத்திரி ரெண்டு சத்தம் கேட்டுது. ரெண்டாவது சத்தம் வேற மாதிரி இருந்துச்சுப்பா. வந்து கையை நீட்டிக் காட்டி, அஞ்சு விரலும் இருக்கான்னு என்னை எண்ணச் சொன்னாரு" என்றார் பாட்டி. அதற்குப் பிறகு அந்த இடக் குழலில் தாத்தா தோட்டாவே போட்டதில்லையாம்.