கம்பெனி ரைஃபிளா, சொல்லிச் செய்ததா? 1,900 தோட்டாக்களுக்குப் பிறகு

800 மீட்டரில் குறி தவறிக்கொண்டே இருந்த நாள்களில், நமக்கென்று சொல்லிச் செய்த ரைஃபிள் ஒன்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றே நம்பினேன். கையில் இருந்தது கடையில் வாங்கிய, 6.5 க்ரீட்மோர் தோட்டா போடும் ரைஃபிள். 2007-இல் ஹார்னடி என்ற தோட்டா நிறுவனம் கொண்டுவந்த வகை அது. தூரத்து இலக்குக்கென்றே யோசித்துச் செய்தது, தோளில் உதைப்பதும் குறைவு. முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு பருவம் முழுக்கக் குறிப்பேடு எழுதினேன்.

அந்த நம்பிக்கைக்கு முதல் அடி 100 மீட்டரிலேயே விழுந்தது. அதுவரை மூன்று மூன்றாகச் சுட்டு, துளைகள் ஒன்றேகால் செ.மீ.க்குள் விழும் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போவேன். பத்தாகச் சுட்டதும் அதே துப்பாக்கி 3.5 செ.மீ. விரிந்தது. பேரல்தான் மோசம் என்று நினைத்தேன். பார்த்தால், ஆக்ஷனை (தோட்டாவை ஏற்றிச் சுடவைக்கும் இயங்குபகுதி) ஸ்டாக்கோடு (தோளில் பதியும் கட்டை) பிணைக்கும் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். பத்தும் 2.3 செ.மீ.க்குள் அடங்கின. ஏறக்குறைய 0.8 எம்.ஓ.ஏ. (சிதறலை அளக்கும் கோண அளவு; 1 எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ.).

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 0.8 எம்.ஓ.ஏ. என்பது 800 மீட்டரில் 18.6 செ.மீ. விட்டம். செய்வித்த ரைஃபிள் 0.5 தருகிறது என்று வைத்தால் 11.6 செ.மீ. நடுவிலிருந்து பார்த்தால் பக்கத்துக்கு 3.5 செ.மீ.தான் லாபம். பக்கவாட்டுக் காற்றை நொடிக்கு 1 மீட்டர் தப்பாகக் கணித்தாலோ, அதே தூரத்தில் தோட்டா 25 செ.மீ.க்கு மேல் விலகிப் போகிறது! குறிப்பேட்டைப் புரட்டினால் என் தவறல்களில் பெரும்பாதி இடவலமாகத்தான் இருந்தன. அத்தனையும் காற்று.

மேல்கீழாகத் தவறியவற்றுக்குக் காரணத்தை, தோட்டாவின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் காட்டியது. ஒரே பெட்டித் தோட்டாக்களிலேயே வேகம் நொடிக்கு 10 மீட்டர் வரை ஏறி இறங்கியது. 800 மீட்டரில் அது மட்டுமே சுமார் 15 செ.மீ. வித்தியாசம். வேறு வகைத் தோட்டாவுக்கு மாறியதும் அந்தச் சிதறல் பாதியாகக் குறைந்தது. ட்ரிக்கரையும் மாற்றினேன், அது கைக்கு இதம்.

செய்விப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. எஃப்-கிளாஸ் என்ற தூரத்து இலக்குப் போட்டியில் பத்துப் புள்ளி வளையமே 1 எம்.ஓ.ஏ., அதற்குள் இருக்கும் எக்ஸ் என்ற நடுவளையம் அரை எம்.ஓ.ஏ. அங்கே அந்த 3.5 செ.மீ.தான் போட்டியையே தீர்மானிக்கும். தடித்த பேரல் சூடேறினாலும் குறி நகராமல் நிற்பதும், தோட்டா அமரும் அறையை அதற்கு நெருக்கமாக வெட்டித் தருவதும் அசலான நன்மைகள். ஆனால் இரும்புத் தகட்டு இலக்குகளைச் சுடும், காற்றை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அந்தப் பணம் தோட்டாவாகவும் பயிற்சியாகவும் மாறுவதே நல்லது என்பது என் முடிவு.

வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: ஆக்ஷன், பரவலாகப் பின்பற்றப்படும் ரெமிங்டன் 700 என்ற ரைஃபிள் மாடலின் அளவில் இருந்தால் ஸ்டாக், ட்ரிக்கர் எல்லாம் பிற்பாடு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். என்னுடையது அப்படித்தான்.

இப்போது 1,900 தோட்டா ஆகிவிட்டது. பேரலின் தொண்டைப் பகுதி தேயத் தொடங்கிவிட்டது, பத்தின் கூட்டமும் மெல்ல 3 செ.மீ.யை நெருங்குகிறது. இந்த ஆக்ஷனிலேயே நல்ல பேரல் ஒன்றைத் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்துப் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் முதல் வேலை, அதே 100 மீட்டரில் பத்துத் தோட்டா.