சிவப்பு நூல்

2025 மார்ச் 10, திங்கள், கிளிநொச்சி

எங்கள் மென்பொருள் குழுவின் கட்டணப் பக்கத்துக்குக் கொழும்புக் குழு ஒரு ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறும் இணைப்பு) தர வேண்டும். அதை அவர்கள் ஒரு ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று) தள்ளிவைத்தது இன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. போன புதனே முடிவெடுத்து, எங்கள் தம்பி ஒருவருக்கு ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியில் தனிச்செய்தியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் "ஓகே" போட்டிருக்கிறார். மற்ற ஆறு பேரும் வராத ஒன்றை நம்பி இரண்டு நாள் வேலை செய்திருக்கிறோம்.

மார்ச் 11

தம்பியோடு பேசினேன். அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்தில் முடித்துவிட்டு வந்து நாலு மாதம். "பொதுச் சனல்ல எழுதினா எல்லாரும் பாப்பினம் அக்கா, என்ர இங்கிலீஸ்..." என்று நிறுத்திவிட்டார். மனம் கனத்துப் போனது. தனிச்செய்திகள் பெருகுவதற்குக் கூச்சம்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

மார்ச் 13

பல குழுக்களின் வேலையை ஒருங்கிணைக்கும் சேஃப் (SAFe) முறையில், ரிலீஸ் ட்ரெயின் என்ற ஒரு பெருங்குழுவில் 50 முதல் 125 பேர் வரை இருப்பார்கள். 8 முதல் 12 கிழமைக்கு ஒருமுறை எல்லோரும் கூடி, அடுத்து வரும் கிழமைகளின் வேலையைத் திட்டமிடும் பீஐ பிளானிங் செய்வோம். யாருடைய வேலை யாரை நம்பி நிற்கிறது என்பதைப் பலகையில் சிவப்பு நூல் கட்டிக் காட்டுவது அதில் வழக்கம். எங்கள் ஏபிஐக்கும் நூல் இருந்தது. கூட்டம் முடிந்தபின் அந்தப் பலகையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று "சார்புகள்" என்றொரு சனல் திறந்தோம். ஒரு நூலுக்கு ஒரு த்ரெட் (ஒரு செய்தியும் அதன் கீழ் வரும் பதில்களும்). முதல் செய்தியில் மூன்றே வரி: என்ன வேண்டும், எந்தக் குழுவிடம், எந்த ஸ்பிரின்டுக்குள். பொறுப்பேற்பவர் கை உயர்த்தும் எமோஜி போடுவார். திகதி மாறினால் அதே த்ரெட்டில் எழுதி, சனலுக்கும் அனுப்பும் பெட்டியில் சரி போட வேண்டும். அதைப் போடாவிட்டால் மாற்றம் த்ரெட்டுக்குள்ளேயே கிடந்துவிடும். மூன்று வரிதான் என்பதால் தம்பிக்கும் பயம் குறையும்.

மார்ச் 26

அப்பா சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போய் வந்தார். இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது திறப்பது என்று முடிவாகும். "எல்லாருக்கும் முன்னால கதைச்சாத்தான் பிள்ளை, பிறகு வாய்க்கால்ல சண்டை வராது" என்றார். ஸ்பிரின்டுக்கு ஆள்பலம் கணக்கிடும்போது எங்கள் அறையிலும் இதே பேச்சுத்தான்.

மார்ச் 28

காலை ஒன்பதரைக்குச் சனலில் தம்பியின் பெயர். "கட்டண ஏபிஐ. கொழும்புக் குழு. அடுத்த ஸ்பிரின்ட். சோதனைத் தரவு இன்னும் கிடைக்கவில்லை." ஆங்கிலத்தில் நான்கு சின்ன வாக்கியங்கள், ஒரு எழுத்துப்பிழை. பத்து நிமிடத்தில் கொழும்பிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மதியத்துக்குள் தரவு வந்து சேர்ந்தது.