மேட்டில் மட்டும் நிற்கும் வண்டி

கம்பத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் மலை ஏறுகிற வண்டிகள்தான், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப், குமுளிக்குக் காய்கறி போகும் பிக்கப் என்று. அப்படி வந்த ஒரு டீசல் பிக்கப் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

லோயர் கேம்ப் தாண்டி, மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்களைக் கடந்து லோடோடு மேடு ஏறும்போது பட்டென்று ஆஃப் ஆகிவிடும். கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்கு மேல் கல்லாகிவிடும், பின்னால் பஸ் வேறு நிற்கும். டிரைவர் தம்பி வீல் அடியில் கல் வைத்துவிட்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் கழித்துச் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடுமாம். இறங்கும்போது ஒரு தொந்தரவும் கிடையாது.

வண்டியில் பதிவான பிழையைக் காட்டும் ஸ்கேனரில் பி0193 என்ற குறியீடு வந்தது. ரெயில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் குழாய்; அதில் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று அர்த்தம். ஏற்கெனவே இரண்டு இடத்தில் இதே குறியீட்டைப் பார்த்து இரண்டு தடவை சென்சார் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு வருத்தம் வருவது இங்கேதான். குறியீடு சர்க்யூட் என்று சொல்கிறது, சென்சார் என்று சொல்லவில்லை. சென்சார், அதன் மூன்று ஒயர் (சப்ளை, சிக்னல், எர்த்), அவற்றைச் சென்சாரில் மாட்டும் கப்ளர், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றினால் அந்தப் பணம் வாடகை ஓட்டிப் பிழைக்கிறவன் பையிலிருந்துதான் போகிறது.

பட்டறையில் அளந்தேன். சப்ளை 5 வோல்ட். சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது சிக்னல் 0.5, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடும்போது) 1.2. எர்த்தும் சுத்தம். ஒயரை ஆட்டிப் பார்த்தேன், ஹீட் ஆகவிட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரி, நிற்கிற இடத்திலேயே பார்த்துவிடலாம் என்று கப்ளரின் பின்பக்கம் சிக்னலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று என்று குண்டூசி செருகி, ஒயர் இழுத்து, மடியில் இரண்டு மல்டிமீட்டரோடு லோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

இரண்டாவது வளைவில் தம்பி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சிக்னல் 4.8-க்குத் தாவியது. அதே நொடியில் எர்த் மீட்டரும் 0.02-லிருந்து நாலு வோல்ட்டுக்கு மேல் ஏறியது. இன்ஜின் நின்றது. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்த மீட்டர் பூஜ்யத்தை விட்டு நகரவே கூடாது. அதாவது எர்த் ஒயர் நடுவில் எங்கோ அறுகிறது. அறுந்ததும் சிக்னல் மேலே போகிறது, ஈசியூ அந்த அளவை நம்பாமல் இன்ஜினை நிறுத்திவிடுகிறது.

ஏன் மேட்டில் மட்டும்? லோடில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின், அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டில் ஒரு பக்கமாகச் சாயும். இதற்கு முன்னால் யாரோ வேலை பார்த்துவிட்டு ஒயரிங்கைப் பிடிக்கும் கிளிப்பைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். சாயும்போதெல்லாம் அந்த ஒயர் இழுபட்டிருக்கிறது. டேப்பைப் பிரித்தேன். மேல்தோல் முழுசாக இருந்தது, ஆனால் விரலால் நெருடினால் ஓர் இடத்தில் மட்டும் நூல் மாதிரி தொளதொளவென்று மடிந்தது. சீவிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. விட்டால் சேரும், இழுத்தால் பிரியும்.

கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புது ஒயர் வைத்து, சாலிடர் பண்ணி, ஸ்லீவ் போட்டு, கொஞ்சம் தளர்வு விட்டுக் கிளிப்பையும் மாட்டினேன். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ரெயில் பைப் எதையும் தொடவில்லை; ஐடிலிலேயே 300 பார் பக்கம், அதாவது காற்றழுத்தத்தைப் போல முந்நூறு மடங்கு அழுத்தம் இருக்கும், ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பட்டறைப் பையன்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

மறுபடி லோடோடு குமுளி வரை ஏறினோம். எர்த் மீட்டர் 0.02-ஐ விட்டு அசையவில்லை.

கழற்றிப் போட்ட இரண்டு பழைய சென்சாரையும் தம்பி பத்திரமாக வைத்திருந்தான். இன்ஜினை நிறுத்தி அழுத்தம் இறங்கிய பிறகு, இரண்டையும் ஒவ்வொன்றாக ரெயிலில் பொருத்தி அதே கப்ளரில் மாட்டிப் பார்த்தேன். இரண்டும் 0.5, ஐடிலில் 1.2.

"அப்போ இது ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சா அண்ணே?" என்றான். ஆமாம் என்று சொல்லி, பேப்பரில் சுற்றி அவன் கையிலேயே கொடுத்தேன்.