மகளுக்கும் குதிரைக்கும் சேர்த்து ஒரு பிரிவு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வருகிறவர்களுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் சுலபமான ஊர். கடைத்தெருவில் தமிழிலேயே பேசிச் சாமான் வாங்கலாம். காலையில் தோசையும் கிடைக்கும், ரொட்டி சானாயும் கிடைக்கும். மகாத்மா காந்தி கலாசாலை என்ற பெரிய தமிழ்ப்பள்ளி 1954 முதல் இங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர் மரம் நின்ற தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிவிட்டன. அப்படி ஒரு செம்பனை ஆலைக்குத்தான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து நான் வேலைக்கு வந்தேன். எனக்கு ஆலை, மனைவிக்குக் கோயிலும் பக்கத்து வீட்டு அக்காக்களும் என்று ஆளுக்கொரு பிடிமானம் சீக்கிரமே அமைந்துவிட்டது. மகளுக்குத்தான் அமையவில்லை. பள்ளி விட்டு வந்தால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊரில் விட்டுவந்த தோழிகளைப் பற்றியே பேசுவாள். அவளை இந்த ஊரோடு சேர்த்துவைத்தது ஒரு குதிரைதான்.

செம்பனை வரிசைகள் முடிகிற இடத்தில் ஒரு சின்ன லாயம் இருக்கிறது. அங்கிருக்கும் குதிரைகளில் பாதிக்கு மேல் பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றவை. சொல்லிக்கொடுப்பவர் ஒரு மலாய் டீச்சர். குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் ஈப்போ பந்தயத் திடலில் வெகுகாலம் சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை, பார்த்த ஒரு தமிழ்ப் பெரியவர். பிள்ளைகளுக்கு அவர் தாத்தா, எனக்கு அண்ணன். மகள் முதலில் சாணம் அள்ளினாள், தண்ணீர் வைத்தாள், குளிப்பாட்டினாள். அப்புறம்தான் ஏறினாள். அவளுக்கு வாய்த்தது பந்தயத்தில் ஓடிய ஒரு பழுப்புக் குதிரை. உயரம் 160 சென்டிமீட்டர் இருக்கும், மகள் அதன் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

கொஞ்ச காலம் போனதும் கோலாலம்பூர் பக்கம் நடக்கும் ஒரு போட்டியின் அட்டவணையை டீச்சர் கையில் கொடுத்தார். "வீட்டில் படித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார். பக்கம் பக்கமாகப் பிரிவுகள். குதிரையைச் சொன்ன அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரஸாஜில் பல படிகள், தடை தாண்டும் ஷோ ஜம்பிங்கில் பல உயரங்கள். போனிக்குத் தனி, குதிரைக்குத் தனி, வயதுக்குத் தனி, யாரும் சேரலாம் என்பது தனி. எங்கள் பக்கத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது எதற்கு என்று உடனே விளங்கும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று நாம் பிரித்து ஓட்டுகிறோம் அல்லவா? பூஞ்சிட்டுக் கன்றைப் பெரிய மாட்டோடு யாரும் பூட்டி ஓட்டமாட்டார்கள். ஆனால் குதிரைப் போட்டியில் விலங்கை மட்டும் பார்த்தால் போதாது. மேலே உட்காருகிறவரின் வயதையும் அனுபவத்தையும், கீழே நிற்கும் குதிரையின் உயரத்தையும் பழக்கத்தையும் சேர்த்துத்தான் பிரிவு அமைகிறது.

எங்களுக்கு முதல் சிக்கல் அங்கேயே வந்தது. மகள் சின்னப் பெண், அதனால் போனிப் பிரிவுதான் என்று மனைவி நினைத்தாள். போனி என்பது குழந்தை ஏறுகிற குதிரை அல்ல. லாடம் இல்லாமல் அளந்தால் 148 சென்டிமீட்டருக்குள் இருப்பதுதான் போனி. இந்த அளவு வெறும் சம்பிரதாயமும் இல்லை. இரட்டைத் தடைகளில் முதல் தடையைத் தாண்டி இறங்கும் இடத்துக்கும் அடுத்ததில் எழும்பும் இடத்துக்கும் நடுவே குதிரை இத்தனை எட்டு வைக்கும் என்று கணக்குப் போட்டே தூரம் வைக்கிறார்கள். கேண்டர் என்ற துள்ளோட்டத்தில் வளர்ந்த குதிரை வைக்கும் ஒரு எட்டு மூன்றரை மீட்டருக்கும் சற்று அதிகம். போனியின் எட்டு அதைவிடக் குட்டை. எங்கள் நெட்டைக் குதிரையைப் போனித் தூரத்தில் விட்டால் தடைக்கு மிக ஒட்டிப் போய் மாட்டிக்கொள்ளும். ஆக, பத்து வயதுப் பெண் பெரியவர்களோடு சேர்ந்து குதிரைப் பிரிவில்தான் நிற்க வேண்டும். அதில் எந்த உயரம், எந்தப் படி என்பதுதான் எங்களுக்கு மிஞ்சியிருந்த கேள்வி.

லாயத்துக்கு வரும் பெற்றோர்கள் நல்ல மனதோடு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "இங்க 80 சென்டிமீட்டர் தாண்டுறாளே, 80-லயே குடுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர், பல வருடம் போட்டி பார்த்துப் பழகிய வேறொரு குதிரையை வாடகைக்கு எடுத்து, மிகக் கீழ்ப் பிரிவில் நிறுத்தினால் பரிசு ரிப்பன் நிச்சயம் என்றார். இந்த இரண்டாவது யோசனை எனக்குப் பிடிக்கவே இல்லை. கீழ்ப் பிரிவு புதிதாக வருகிற குழந்தைகளுக்கும் புதிதாகப் பழகுகிற குதிரைகளுக்கும் ஒதுக்கிய இடம். தேறிய குதிரையைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் இன்னொரு பிள்ளையின் வாய்ப்பைத்தான் எடுக்கிறோம். மேல் பிரிவுகளில் ஜெயித்தவர்கள் இதில் சேரக்கூடாது என்று பல அட்டவணைகளில் விதியே போட்டிருப்பார்கள். விதி இல்லாத இடத்திலும் அந்த நியாயத்தை நாமாகவே காப்பாற்ற வேண்டும் என்பது என் எண்ணம்.

பெரியவரிடம் அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு எது சரின்னு அப்புறம் பார்ப்போம் தம்பி. இந்தக் குதிரைக்கு எது ஆகாதுன்னு முதல்ல பாருங்க. இதுக்குக் கடிகாரம் ஆகாது" என்றார்.

அவர் சொன்னது இதுதான். பந்தயக் குதிரைக்குச் சின்ன வயதிலேயே ஓடத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். கடிவாளம் இறுகினால் நிற்பதற்குப் பதில் அதன் மேல் சாய்ந்து வேகம் கூட்டும் பழக்கம் பல குதிரைகளுக்கு உண்டு. புது மைதானம், ஒலிபெருக்கி, கூட்டம் எல்லாம் சேர்ந்தால் பழைய நினைவு வந்துவிடும். ஷோ ஜம்பிங்கில் தடையின் கம்பி விழுந்தால் 4 தவறுப் புள்ளி, குதிரை தாண்ட மறுத்தாலும் 4. புள்ளி சமமானால் பல பிரிவுகளில் வேகமாக முடித்தவருக்கே வெற்றி. அந்தப் பிரிவில் சேர்த்தால், நாம் மாற்றப் பாடுபடும் பழக்கத்தையே அந்தக் குதிரைக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்ததாகும். அதற்குப் பதிலாக, நடத்துபவர்கள் குறித்து வைத்த நேரத்துக்கு மிக நெருக்கமாக முடிப்பவருக்குப் பரிசு தரும் பிரிவும் சில போட்டிகளில் உண்டு. தவறில்லாமல் முடித்த எல்லோருக்கும் ரிப்பன் தரும் பிரிவும் உண்டு. இந்த இரண்டில் ஒன்றுதான் நமக்கு என்றார்.

உயரத்தை டீச்சர் முடிவு செய்தார். லாயத்தில் 80 தாண்டினால் போட்டியில் 60. லாயத்தில் தாண்டுவது பழகிய கம்பிகள், அதுவும் ஒன்றிரண்டு. அங்கே வர்ணப் பலகையும் பூத்தொட்டியுமாக வரிசையாகப் பல தடைகள் இருக்கும், வழியை மனப்பாடம் செய்து திரும்ப வேண்டும். தடையின் உயரத்தைப் பற்றிப் பயம் இல்லாமல் இருந்தால்தான் வழியைப் பற்றி யோசிக்கப் பிள்ளைக்கு மனதில் இடம் இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவரும் காரணம் ஒன்றும் உண்டு. பெரும்பாலும் தாழ்ந்த உயரங்களைக் காலையில் முதலில் முடித்துவிட்டுப் படிப்படியாக ஏற்றுவார்கள். மதிய வெக்கைக்கும் மாலை இடி மழைக்கும் முன்பே எங்கள் முறை முடிந்துவிடும்.

டிரஸாஜில் வாக் என்ற நடையும் டிராட் என்ற மெதுவோட்டமும் மட்டும் உள்ள ஆரம்பப் படியை எடுத்தோம். கேண்டர் சேர்ந்த அடுத்த படிக்கு மகள் ஆசைப்பட்டாள். ஆனால் 20-க்கு 40 மீட்டர் மைதானத்தில் பந்தயக் குதிரை சமநிலையோடு கேண்டரில் வளைவது லேசான காரியம் இல்லை. நீண்ட திடலில் நீட்டி ஓடிய உடம்பு அது. சுருங்கி வளையக் காலம் வேண்டும்.

டிரஸாஜ் மதிப்பெண்ணைப் பற்றி நம் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை போட்டு, மொத்தத்தை விழுக்காடாக்குகிறார்கள். 6 என்றால் திருப்திகரம், 7 என்றால் ஓரளவு நன்று. பள்ளித் தேர்வில் 95 வாங்கும் பிள்ளை இங்கே 60-ஐத் தாண்டினால் வருத்தப்படக் கூடாது, சந்தோஷப்பட வேண்டும். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் தனிநபர் டிரஸாஜில் மலேசியாவின் காபில் அம்பாக் தங்கம் வாங்கியபோது அவருக்குக் கிடைத்ததே 75-க்குச் சற்று மேல்தான். அதே மேடையில் இந்தியாவின் அனுஷ் அகர்வாலா வெண்கலத்தோடு நின்றார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் இந்திய அணி குழுப் பிரிவில் தங்கம் வாங்கியிருந்தது. குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. நாங்கள் பிறந்த நாட்டுக் கொடியும் பிழைக்க வந்த நாட்டுக் கொடியும் சேர்ந்து ஏறியதை என் மகள் லாயத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தாள். இரண்டுக்கும் அவள் கைதட்டியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டிக்கு முதல் நாள் பெரியவர் குதிரையோடு லாரியில் போனார். 200 கிலோமீட்டருக்கு மேல் வழி. நாங்கள் விடியும் முன் போய்ச் சேர்ந்தபோது வைக்கோலும் தண்ணீரும் வைத்துவிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். டிரஸாஜில் மகளுக்கு 62 விழுக்காடு. நடுவர் எழுதித் தந்த தாளில், நடுக்கோட்டில் நேராக வரவில்லை, ஆனால் குதிரை அமைதியாக இருக்கிறது, கை மென்மையாக இருக்கிறது என்று இருந்தது. அந்தத் தாளை அவள் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஷோ ஜம்பிங்கில் கடைசித் தடையில் ஒரு கம்பி விழுந்தது. குதிரை ஓரிடத்தில்கூட முட்டி மோதி ஓடவில்லை. வெளியே வந்ததும் பெரியவர் மகளிடம், "நல்லா ஓட்டுன ஆயா" என்றார். பக்கத்து லாயத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று தாங்கள் கொண்டுவந்த நாசி லெமாக்கை எங்களோடு பகிர்ந்து பசியாறியது. இப்போது அவர்கள் வீட்டுத் திருவிழாவுக்கு நாங்கள் போகிறோம், எங்கள் பொங்கலுக்கு அவர்கள் வருகிறார்கள்.

அடுத்த போட்டியின் அட்டவணை வந்திருக்கிறது. கேண்டர் உள்ள படியில் சேரலாமா என்று மகள் திரும்பக் கேட்டாள். வலப்பக்க வட்டத்தில் குதிரை இப்போது நிதானமாகக் கேண்டர் செய்கிறது, இடப்பக்கத்தில் இன்னும் தோளைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்தால் தாராளமாகச் சேரலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதனால் டிரஸாஜில் இந்த முறையும் வாக், டிராட் தான். ஷோ ஜம்பிங்கில் மட்டும் 70, அதுவும் கடிகாரத்தோடு போட்டி போடாத பிரிவில். இன்று இரவு படிவத்தை நிரப்பி, நாளை பெரியவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்ப வேண்டும்.